ஷீட் புரையில ஒட்டியிருக்கிற ஜப்பான்காரர்

ரப்பர் பாலை உறைய வச்சு ஷீட்டா அடிக்கிற எங்க புரையில ரோலருக்கு மேல சுவத்துல ஒரு படம் ஒட்டியிருக்கேன். போன வாரம் ஒட்டுப்பால் (சிரட்டையில காஞ்சு ஒட்டியிருக்கிற ரப்பர்) எடுக்க வந்த அண்ணன் அதைப் பாத்துட்டு, "இது ஆருலே, கல்ஃபுல உனக்க முதலாளியா?"ன்னு கேட்டாரு. இல்லண்ணே, இச்சிரோ சுசுகி, பேஸ்பால் ஆடினவருன்னேன். "நமக்கு கிரிக்கெட்டுல ஆளு இல்லாமலா?"ன்னு சொல்லிட்டு சாக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். அதான் இங்க எழுதுறேன்.

2004-ல நான் கத்தார்ல ஒரு பிளாண்ட் வேலையில இருந்தேன். எங்க சூப்பர்வைசர் ஜப்பான்காரர். அந்த செப்டம்பர் முழுக்க மனுசன் டீ குடிக்கிற நேரத்துல ஒரு தாள்ல கோடு போட்டு எண்ணிக்கிட்டே இருப்பாரு. அமெரிக்காவுல சியாட்டில் மரைனர்ஸ் டீமுக்காக இச்சிரோ அடிக்கிற ஹிட்டுக் கணக்காம். ஹிட்டுன்னா பந்தை அடிச்சுட்டு, அவுட் ஆகாம ஒரு பேஸுக்காவது ஓடிச் சேர்றது. 1920-ல ஜார்ஜ் சிஸ்லர்னு ஒருத்தர் ஒரே சீசன்ல 257 ஹிட் அடிச்சு வச்சதை 84 வருசமா யாரும் தாண்டல. அக்டோபர் 1-ம் தேதி இச்சிரோ தாண்டினாரு. சீசன் முடியும்போது 262. சூப்பர்வைசர் எல்லாருக்கும் கேக் வாங்கித் தந்தாரு. எதுக்குன்னு விளங்காமலே தின்னோம்.

என்னைப் பிடிச்சு இழுத்தது அந்த 262 இல்ல, அதுக்குள்ள இருக்கிற 225. அத்தனையும் சிங்கிள். பந்தைச் சும்மா தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடுற ஓட்டம். நம்ம சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் மொத்தமே 8. பேட் பிடிச்சதுல கணக்குல வர்ற 704 தடவையில 442 தடவை ஹிட்டே கிடைக்கல. அப்படியும் அந்த வருசம் அவரு டீம் ஆடுற அமெரிக்கன் லீக்ல பேட்டிங் சராசரியில முதல் ஆள் அவருதான். குட்டிக் குட்டி ஹிட்டுதானேன்னு நக்கல் பண்ணினவங்க உண்டு. சிக்ஸருக்கு மட்டும் விசில் அடிக்கிற நம்மளும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

2012-ல ஊருக்கு வந்துட்டேன். கடையாலுமூடு பக்கம் அப்பாவுக்க தோட்டம், முந்நூறு மூடு ரப்பர். வண்டியை எடுத்தா வெள்ளறடை பக்கந்தான், அங்கிட்டு கேரளா. மரம் இங்க நிக்குது, விலை மட்டும் கோட்டயத்துல முடிவாகும். நேரம் வெளுக்க முன்னாடி தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்கணும். காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவினா வெள்ளையா ஒரு கோடு விழும், அது சரிஞ்சு வந்து தகரச் சில்லு வழியா சிரட்டையில சொட்டும். கொஞ்சம் ஆழமாப் போயி பட்டைக்கு உள்ள இருக்கிற தடியைத் தொட்டா மரத்துக்குக் காயம். அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் திரும்ப வளரும். முதல் வருசம் நான் கத்தியைத் தீட்டாமலே இறங்குவேன். மொண்ணைக் கத்தியை அமுக்கி அமுக்கி வெட்டினதுல நாப்பது மூடு கிட்ட காயம். அப்பா மரத்தைத் தடவிப் பாத்தாரு. "லே மக்கா, சாணைக்கல்லு இருக்கது எதுக்குலே?" அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசல.

அன்னைக்கு ராத்திரிதான் சூப்பர்வைசர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இச்சிரோ தன் கையுறையைத் தானேதான் துடைச்சு எண்ணெய் போடுவாரு. பேட்டுல ஈரம் ஏறக்கூடாதுன்னு அதுக்குத் தனிப்பெட்டியே வச்சிருந்தாரு. கோடிக்கணக்குல சம்பளம், கூட எத்தனையோ உதவியாளுங்க. ஆனாலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கல. படத்தை ஒட்டினது அதுக்கு அடுத்த வாரம்.

அவரோடது எல்லாமே எனக்கு ஒத்துக்காது. சின்னப் பையனா இருக்கும்போதே அவரு அப்பா கொடுத்த பயிற்சி ரொம்பக் கடுமை. என் மகனை நான் அப்படி வதைக்க மாட்டேன். (அவன் கத்தியையே தொடுறதில்ல, அது வேற கதை.)

2025 ஜனவரியில இச்சிரோவை, பேஸ்பால்ல பெரிய ஆளுங்களுக்குக் கிடைக்கிற ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்குத் தேர்ந்தெடுத்தாங்க, ஜப்பான்ல பிறந்தவங்கள்ல முதல் ஆளா. பேஸ்பால் எழுதுற பத்திரிகைக்காரங்க போட்ட 394 ஓட்டுல 393. ஓட்டுப் போடாத அந்த ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரிக்கணும்னு அப்ப சொன்னாரு. ஜூலையில, அந்த ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கூப்பர்ஸ்டவுன் ஊர் மேடையில, வழக்கமா மொழிபெயர்ப்பாளரை வச்சுப் பேசுற மனுசன், இங்கிலீஷ்லயே பேசி, அந்த அழைப்புக்குக் கெடு முடிஞ்சு போச்சுன்னாரு. சபை முழுக்கச் சிரிப்பு.

இதை அப்பாகிட்டச் சொன்னேன். பேஸ்பால்னா என்னன்னு அவருக்கு இன்னும் தெரியாது. ஓட்டுக் கதையைக் கேட்டு லேசாச் சிரிச்சாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தக் கையுறையை அவனேதான் துடைப்பானா?"ன்னு ரெண்டாவது தடவையும் கேட்டாரு.