அப்டேட் நின்றால் போர்டு போச்சு என்பது தவறு

கிட்டார் ஆம்ப்பின் உள்ளே ஓடும் சாஃப்ட்வேர் அப்டேட் பாதியில் நின்றால் அதன் மெயின் போர்டையே மாற்றணும் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அப்படியில்லைங்ணா. பெரும்பாலும் பூட்லோடர் (பவர் போட்டதும் முதலில் ஓடி, மற்ற சாஃப்ட்வேரைத் தொடங்கி வைக்கும் சிறு புரோகிராம்) பவர் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் தனிப் பகுதியில் இருக்கும். வழக்கமான அப்டேட் அதைத் தொடாது. அது பிழைத்திருந்தால், மேனுவலில் சொன்ன பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால் பல மாடல்கள் அப்டேட் மோடுக்கு வந்துவிடும்.

திருப்பூரில் கரண்ட் போய் என்னுடையதும் இப்படித்தான் கிடந்தது. அப்டேட் மோடில் போட்டும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் பார்த்தால், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்! டேட்டா போகும் கேபிளை ஹப் இல்லாமல் நேராகச் செருகி, அதே மாடலுக்கான ஃபைலை மறுபடி ஏற்றினேன், சரியாகிவிட்டது.

பூட்லோடரே அழிந்திருந்தாலும் சில போர்டுகளில் புரோகிராமிங் பின் (சிப்பில் நேராக எழுதுவதற்கான இணைப்பு) வழியாக அதை மறுபடி எழுதலாம். ஆனால் அது ரிப்பேர்காரர் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கலாம்.