பாடாங் கதையில் நம்மவரும் உண்டு

சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் இருந்த, எழுத்துப் பொறித்த பழங்கல்லைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அவர் 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்ததைச் சொல்லிவிட்டு, அந்தக் கல்லை வீசியதாகச் சொல்லப்படும் பலசாலி பாடாங்கின் கதையை ஒரே வரியில் கடந்துவிட்டார். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வரும் கதை அதைவிட விநோதமானது.

பாடாங் ஓர் அடிமை. மீன்பொறியில் தினமும் முள்ளும் செதிலும்தான் மிச்சம். ஒளிந்திருந்து பார்த்தால், தின்றுகொண்டிருந்தது ஒரு பூதம்! தாடியைப் பிடித்துவிட்டான். உயிர்ப்பிச்சைக்கு ஈடாகப் பலம் கேட்டான். "என் வாந்தியைத் தின்" என்றதாம். தின்றான். (சாப்பிடும்போது படிக்காதீர்கள்.) அந்தப் பலத்தால் சிங்கப்பூர் மன்னரின் வீரனானான்.

நமக்குச் சுவையான இடம் இனிமேல்தான். கலிங்க மன்னர் தன் மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்புகிறார். பந்தயமே அந்த ஏழு கப்பல் சரக்குதான். அரண்மனை முன் கிடந்த பாறையை மல்லன் முழங்கால்வரை தூக்கினான். பாடாங் ஆற்றுமுகத்துக்கே வீசிவிட்டான். தோற்ற தரப்பு மன்னரே பிறகு பாடாங் கல்லறைக்குக் கல் அனுப்பினாராம். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடித்தது.

தகர்த்த கல்லின் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இன்னும் யாரும் முழுதாகப் படித்தபாடில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வாந்திக் கதையையும் சொல்லுங்கள், கல்லை விட்டு நகரமாட்டார்கள்.