ஜெபக்கடிதத்தில் நான் எழுதிய மூன்று வரி

மே மாதம் வந்தாலே நம் ஊர்ச் சபைகளில் இருந்து வேன் பிடித்து ஊழியத்துக்காக மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வருடம் போகிற தம்பி ஒருவன், "அக்கா, நீங்க ஒன்பது வருஷம் அங்கே ஊழியம் செஞ்சீங்களே, நாங்க என்ன கொண்டுபோகணும்?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இது இவ்வளவு நீளமாகிவிட்டது.

நானும் என் கணவரும் மார்த்தாண்டத்துக்காரர்கள். வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடு ஒன்றில்தான் குடியிருந்தோம். 1956-இல் மாநிலம் பிரித்தபோது வண்டிப்பெரியாறு இருக்கிற பீருமேடு தாலுகா கேரளாவோடு நின்றுவிட்டது, ஆனால் லயங்களில் இருப்பது பெரும்பாலும் நம் சனம்தான், தாத்தா பாட்டி காலத்திலேயே கொழுந்து பறிக்க மலையேறிய குடும்பங்கள். தமிழ் ஆட்கள்தானே, போன மறுநாளே பிரசங்கம் பண்ணலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாஷை தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்று நினைப்பது பெரிய தப்பு. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது அந்தத் தாலுகாவில் பல எஸ்டேட்டுகள் மூடிப்போயின. சம்பளம் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, லயத்தை விட்டுப் போகவும் வழியில்லை. சனமே கொழுந்து பறித்து, விற்று, பங்கு வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த வருடங்களைத் தாண்டி வந்த பெண்களை உட்காரவைத்து நான் பொறுமையைப் பற்றி வேதபாடம் எடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். நாங்கள் ஜெபிப்பது அவருக்குக் கேட்கும், நானும் என் கணவரும் சண்டை போடுவதும் கேட்கும். அவர் ராத்திரியில் அழுவது எங்களுக்குக் கேட்கும். மகன் குடித்துக் குடித்தே செத்துப்போனான். ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார், கடைசி ராத்திரி அவன் தண்ணீர் கேட்டதையும் இவர் கோபத்தில் எழுந்திருக்காமல் படுத்திருந்ததையும். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்றார்.

எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சபைக்கு அனுப்புகிற அந்த மாத ஜெபக்கடிதத்தில் அதை எழுதினேன். பேர் போடவில்லை, "எங்கள் பக்கத்து வீட்டு ஏழை விதவைத் தாயார்" என்று ஆரம்பித்து மூன்றே வரி. உண்மையைச் சொல்கிறேன், அதை எழுதும்போது எனக்கு அவர் மேல் இரக்கம் இருந்தது, கூடவே இந்த மாதம் கடிதம் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியும் இருந்தது. எங்களைத் தாங்குகிற சபைக்கு மாதாமாதம் கணக்கு எழுதவேண்டும், எத்தனை வீடு சந்திப்பு, எத்தனை கைப்பிரதி, எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள். அந்தக் கட்டங்களில் எழுத ஒன்றும் இல்லாத மாதம் அது.

மே மாதம் அந்தச் சபையிலிருந்து குழு வந்தது. அதில் ஒரு சகோதரி, நல்ல மனசு உள்ளவர்தான், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்க மகன் தண்ணி கேட்டப்போ நீங்க குடுக்கலைன்னு வருத்தப்படாதீங்க, நாங்க எல்லாரும் ஜெபிச்சிருக்கோம்" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், வந்த பதினோரு பேருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், எனக்கும் சேர்த்து.

அதற்கப்புறம் மூன்று வாரம் என்னோடு பேச்சு இல்லை. கொழுந்துச் சாக்கோடு என் வாசலைத் தாண்டித்தான் போவார், தலையைத் திருப்பமாட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். முதலில், சபை ஜெபிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை அமர்த்திவிட்டு, "நான் பறிச்ச கொழுந்த நீங்க உங்க பேர்ல எடை போட்டுக்கிட்டீங்க பாஸ்டரம்மா" என்றார். அதற்குமேல் என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளைக்காரர், பின்னாளில் பிஷப் ஆன அசரியா ஐயா எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில், ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், சிநேகிதர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதை நாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம், நம் ஆள் வெள்ளைக்காரனிடம் நியாயம் கேட்டார் என்று. ஆனால் மலைக்குப் போகிறபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாம், எழுந்து கேட்பது லயத்து சனம். எனக்கு இது புரிய நாலு வருடம் ஆனது.

அந்த ஜூனில் காற்றும் மழையும் விடாமல் அடித்தது, தாங்கல் பணமும் வந்து சேரவில்லை, வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. சொல்லாமல் இருந்தோம். சுவர்தான் சொல்லியிருக்கவேண்டும், சாயங்காலம் பெரியம்மா ஒரு சட்டி நிறைய அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏ புள்ள, சூட்டோட தின்னு" என்றார். பாஸ்டரம்மா போய் நான் புள்ள ஆனது அன்றைக்குத்தான். வாங்கிக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கொடுக்க வந்தவள் நான் என்ற நினைப்பு தொண்டையில் நின்றது. சாப்பிட்டேன்.

அதனால் தம்பி, போர்வையும் பிஸ்கட்டும் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, குளிர் அதிகம். ஆனால் போட்டோ எடுக்காமல் இரண்டு நாள் இருந்து பாருங்கள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். கேட்டதைத் திரும்பி வந்து சபையில் சாட்சியாகச் சொல்லும் முன், சொல்லட்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

அடுத்த ஜெபக்கடிதத்தை அனுப்பும் முன் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "ஏழை விதவைன்னு எதுக்கு எழுதியிருக்க? அதை அடி" என்றார். வேறு என்ன போடட்டும் என்றேன்.

"முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறவன்னு போடு."