கிளமென்டைன் எப்போது வளர்ந்தாள்?

ஒரு பிள்ளை கஷ்டப்பட்டு வளர்ந்துவிட்டது என்று காட்ட, உயிர் பிழைக்கும் கதைகள் பெரும்பாலும் அதன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிடுகின்றன. குறி தவறாமல் சுட்டால் சரி, வளர்ந்தாச்சு! டெல்டேல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' கேமில் வரும் கிளமென்டைனையும் பலர் அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. (முடிவு வரை பேசப்போகிறேன், விளையாடாதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.)

முதல் பாகத்தில் நாம்தான் லீ எவரெட். கொலைக்குற்றத்துக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த வரலாற்றுப் பேராசிரியர். மரவீட்டில் ஒளிந்திருந்த 8 வயதுச் சிறுமி அவர் பொறுப்பில் வந்து சேர்கிறாள். சுடக் கற்றுத்தருகிறார், ஜாம்பிகள் (கடித்தால் நம்மையும் தம்மைப்போல ஆக்கிவிடும் நடமாடும் பிணங்கள்) பிடித்து இழுக்காதபடி முடியை வெட்டிவிடுகிறார். லீ என்ன பேசுவது என்று நாம் தேர்ந்தெடுத்ததும், 'கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று திரையில் அவ்வப்போது ஒரு வரி வரும். அதற்குப் பயந்தே வாயை அடக்கியவர்கள் உண்டு, நானும்தான்.

இரண்டாம் பாகத்தில் நாய்க்கடியோடு வருகிறவளை, கடித்தது ஜாம்பியோ என்று பயந்து பெரியவர்கள் கொட்டகையில் பூட்டிவிடுகிறார்கள். 11 வயதில் தன் கையைத் தானே தைத்துக்கொள்கிறாள். எல்லோரும் சிலாகிக்கும் காட்சி. எனக்கு அந்தப் பெரியவர்கள்மேல் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் அதே கூட்டம் ஆபத்தான வேலைக்கெல்லாம் அவளையே அனுப்புகிறது. இதையெல்லாம் வளர்ச்சி என்பதா? நாதியற்ற பிள்ளை வேறு என்ன செய்யும்?

2018-இல் தொடங்கிய கடைசிப் பாகத்தில்தான் விஷயமே இருக்கிறது. இப்போது ஏஜே என்ற சின்னப் பையனை அவள் வளர்க்கிறாள். தலையைப் பார்த்துச் சுடு என்பது அவள் சொல்லிக்கொடுத்த பாடம். பெரியவர்களே இல்லாத ஓர் உறைவிடப் பள்ளியில், தோற்று நின்றுவிட்ட, அந்தப் பிள்ளைகளின் தலைவன் மார்லனை ஏஜே தலையிலேயே சுட்டுவிடுகிறான். மார்லன் நல்லவன் இல்லை, தன் பள்ளிப் பிள்ளைகளையே ஆள்பிடிக்கும் கும்பலுக்குக் கொடுத்தவன். ஆனால் அந்தக் கணத்தில் ஆபத்து தீர்ந்திருந்தது. ஏஜே கற்றதைச் செய்தான், அவ்வளவுதான்.

தான் பிழைக்கக் கற்ற பாடம் இன்னொரு பிள்ளை கையில் என்னவாகிறது என்று அவள் பார்க்கிறாளே, அங்கேதான் வளர்கிறாள் என்பேன். இனி எப்போது சுடக்கூடாது என்றும் சொல்லித்தர வேண்டும். அதை அவளுக்கு யாரும் முறையாகச் சொல்லித்தந்ததில்லை. பிறகு, கடினமான முடிவுகளை ஏஜேயே எடுக்கலாமா என்ற கேள்வி வருகிறது. கிளமென்டைனாக விளையாடும் நாம், உன்னை நம்புகிறேன் என்று சொல்லலாம், மறுக்கலாம். நம்பினால், பின்னால் பாலத்தில் ஒரு நண்பரைக் காப்பாற்ற டென் என்ற சிறுவனை ஏஜே சுடுவான். நம்பாவிட்டால் டென் பிழைப்பான், அந்த நண்பர் சாவார்.

நான் நம்புகிறேன் என்றே சொன்னேன். நீங்கள்?