இடிச்ச வீட்டுக்கும் ஒரு பாட்டில் காசு

போன வருஷம் தருமபுரியில் தாத்தா கட்டிய வீட்டை இடித்தோம். கதவு, நிலை, ஜன்னல் பழைய மரக்கடைக்கு, கம்பி இரும்புக் கடைக்கு, உடையாத செங்கல் பக்கத்துத் தெருக்காரர் காம்பவுண்டுக்கு என்று காசு பெறும் சாமான் எல்லாம் ஒரே வாரத்தில் காலி. மிச்சம் நாலு டிராக்டர் லோடு.

"எங்கண்ணா கொட்டுவீங்க?" என்றேன். "அது எதுக்கு சார் உங்களுக்கு, காலைல பாருங்க, இடம் சுத்தமா இருக்கும்" என்றார் டிராக்டர்காரர். நானும் சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே என்று வண்டியை நிறுத்தினால், எங்கள் திண்ணை! பாட்டி ஆணியால் கீறிய தாயக்கட்டத்தோடு ரெட் ஆக்சைடு தரை பெரிய துண்டாகக் கிடக்கிறது.

இடிபாட்டைப் பிரித்து சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும், ரோட்டிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஏரிக்கரையில் நின்று யார் பிடிப்பது?

அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்தில் 2001-லிருந்து வேறு வழி. கட்டவோ இடிக்கவோ பெர்மிட் வாங்கும்போதே டெபாசிட் கட்டிவிட வேண்டும், நகராட்சி ஒப்புக்கொண்ட மறுசுழற்சி இடத்தில் போட்ட ரசீதைக் காட்டினால் பணம் திரும்ப வரும். நமக்கும் இது புதுசில்லை, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்ததுதானே. என் பணம் இருபதாயிரம் நகராட்சி ஆபீஸில் மாட்டியிருந்தால் அந்த டிராக்டருக்குப் பின்னாலேயே நான் பைக்கில் போயிருப்பேன், சத்தியமாக.

அந்த கான்கிரீட்டை அரைத்தால் ஜல்லிதான். எம்25 என்கிற வலிமைத் தரம் வரைக்குமான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை மறுசுழற்சி ஜல்லி போடலாம் என்று ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383-யே சொல்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் போய்ப் பாருங்கள், ஜல்லிக்காக எத்தனை குன்று பாதியாக நிற்கிறது என்று.

ஆனால் ஒன்று, கொட்ட ஒரு யார்டும் அரைக்க ஒரு கிரஷரும் பக்கத்தில் இல்லாமல் டெபாசிட் மட்டும் வாங்கினால் அது இன்னொரு கட்டணம், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நாலு முறை "சார் இல்லை, நாளைக்கு வாங்க" என்று அலையவிட்டால் ஜனம் அதையும் வீட்டுச் செலவில் எழுதிவிட்டு மறுபடி ஏரிக்கே போகும். ரசீது பதிந்த பதினைந்து நாளில் பேங்க் கணக்குக்கு வர வேண்டும், ஆபீஸ் படியேறவே கூடாது.

தாயக்கட்டத் துண்டை மட்டும் ஆள் வைத்துத் தூக்கி வந்துவிட்டேன். புது வீட்டு வாசலில் கிடக்கிறது.