சிக்னலை மறந்துவிட்டீர்களே!

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2-ல் மதிப்பெண் சுமார் என்றால், அங்கே ரேடியாலஜி ரெசிடென்சியை (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோயறியும் துறையின் சிறப்புப் பயிற்சியை) மறந்துவிடலாம் என்று உங்கள் கட்டுரை சொல்வது கொஞ்சம் ஓவர். 2022 ஜனவரியில் முதல் கட்டமான ஸ்டெப் 1 மதிப்பெண் இல்லாமல் வெறும் பாஸ், ஃபெயில் ஆனபின் ஸ்டெப் 2-க்கு மவுசு கூடியது உண்மைதான். ஆனால், ‘உங்கள் ப்ரோக்ராமில் எனக்குத் தனி ஆர்வம்’ என்று விண்ணப்பத்தோடு சில இடங்களுக்கு மட்டும் காட்டும் சிக்னல் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அதிக ஆர்வத்துக்குத் தங்கம் 6, அடுத்த நிலைக்கு வெள்ளி 6 என அண்மைய சீசன்களில் கைக்கு வந்ததே 12. விண்ணப்பிப்போர் பலர் எல்லாவற்றையும் பெரிய பெயர் கொண்ட இடங்களுக்கே வாரி இறைத்துவிட்டு, சொந்த ஊர் ப்ரோக்ராமைக் கோட்டை விடுகிறார்கள். அப்புறம், பல இடங்களில் ரேடியாலஜி, பயிற்சியின் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். முதல் வருட மெடிசின் அல்லது சர்ஜரி இடத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை விட்டால், மார்ச்சில் வரும் இட ஒதுக்கீட்டு முடிவில் ரேடியாலஜி கிடைத்தும் அந்த ஒரு வருடத்துக்கு இடம் தேடி அலைய வேண்டியதுதான். ஏஐ பயமா? ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்துங்கள் என்று ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னது 2016-ல். இன்றும் அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பற்றாக்குறைதான்.