வார்ப்பிரும்புச் சட்டியில் சோப்பு படலாமா?

“முகாமில் சமைத்த வார்ப்பிரும்புச் சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவினால், பழக்கிய படலம் போய்விடும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. அந்தக் கறுப்புப் படலம் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இரும்பில் கெட்டியாகப் பிடித்த பூச்சு. இன்றைய பாத்திரச் சோப்பு அதைக் கரைக்காது. காரத்தன்மை மிஞ்சிய பழைய காலச் சோப்புக்கு வேண்டுமானால் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

கழுவாமல் விடுவதுதான் சிக்கல்: மிஞ்சிய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், உணவு வாசனைக்கு விலங்குகள் வரும்.

உண்மையான எதிரி ஈரம். இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடலாம், கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் கழுவித் துடைத்து, தணலில் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். சோப்பைவிட, தக்காளி போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதுதான் படலத்தை அதிகம் அரிக்கும்.